"எலி தானா செத்துச்சுன்னா ஊட்டுல இருக்கக் கூடாது!" - அம்மாயி சொன்ன பிளேக் கதையும் ஐரோப்பாவை உலுக்கிய கொள்ளைநோயும்

போன கார்த்திகை மழையில் எங்கள் பாரிவாக்கத்துத் தெருவில் இரண்டு நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் எலி வீட்டுக்குள் வருவது ஒன்றும் புதிதில்லை. முறத்தால் தள்ளி அள்ளலாம் என்று போனவளை, என் அம்மாயி தடுத்து நிறுத்திவிட்டார்.

"ஏங் கண்ணு, நாம மருந்து எதாச்சும் வெச்சமா?"

"இல்ல அம்மாயி."

"அப்ப தானா செத்துச்சா? எந்திரிங்க எல்லாரும். ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

86 வயது. சூலூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். சுகர், பிரஷர் எதற்கும் பயப்படாத மனுஷி, செத்த எலியைப் பார்த்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டைக்கூட திண்ணையில்தான் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எலி மருந்து வைத்தது பிறகுதான் தெரியவந்தது. அதைச் சொன்ன பிறகே உள்ளே வந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி, நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல். தெருத் தண்ணீரில் செருப்பில்லாமல் நடந்து, காலில் ஏதோ கிழித்திருந்தது. "தொடை இடுக்குல வலிக்குதும்மா" என்றாள். அம்மாயி தொட்டுப் பார்த்தார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

"நெறி கட்டியிருக்குது" என்றார். அவர் முகம் வெளிறிவிட்டது.

காலில் புண் வந்தால் நெறி கட்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏன் இவர் இப்படிப் பயப்படுகிறார்? அன்று ராத்திரி மகளுக்கு ஈரத்துணி போட்டபடியே அவர் சொன்ன கதையைக் கேட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. அந்தக் கதைக்கு முன்னால், அந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

700 வருடங்களுக்கு முன்னால்...

1347-ம் வருடம் அக்டோபர் மாதம். கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவா நாட்டு வணிகக் கப்பல்கள், இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா துறைமுகத்தில் ஒதுங்கின. அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகள் பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல்களைத் துரத்தி அனுப்பியும் பயனில்லை, நோய் கரையேறிவிட்டது.

அடுத்த நான்கே வருடங்களில் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, ஜெர்மனி என்று ஐரோப்பா முழுக்க அது பரவியது. எகிப்து, சிரியா போன்ற நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு அன்றைக்கு யாரும் கணக்கு எழுதிவைக்கவில்லை. வரி ஏடுகள், தேவாலயப் பதிவுகள், கல்லறைகள் ஆகியவற்றைப் பார்த்து வரலாற்று ஆய்வாளர்கள் போட்ட கணக்கு, ஐரோப்பாவில் மட்டும் இரண்டரைக் கோடியிலிருந்து ஐந்து கோடி வரை என்கிறது. அதாவது, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை!

இதை நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. அன்றைய மொத்த ஐரோப்பாவில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். நம் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு, சில தெருக்களில் இரண்டுக்கு ஒன்று, நாலு வருடத்தில் பூட்டிக் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இது எங்கிருந்து கிளம்பியது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள இசிக்குல் ஏரிப் பக்கம், 1338, 1339-ம் வருடங்களில் இறந்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. சில கல்லறைக் கற்களில் 'கொள்ளைநோயால் இறந்தார்' என்றே பொறித்திருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணு இருந்ததை 2022-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அறிகுறிகள் என்ன?

'யெர்சினியா பெஸ்டிஸ்' என்ற பாக்டீரியாதான் பிளேக்கின் காரணம். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது அது நம் உடம்புக்குள் நுழைகிறது. ஒன்றிலிருந்து ஏழு நாளுக்குள் திடீரென்று கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, எழுந்து நிற்க முடியாத அசதி எல்லாம் வரும்.

அதன்பின் வருவதுதான் இந்த நோயின் அடையாளம். கடித்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கும். காலில் கடித்தால் தொடை இடுக்கு. கையில் கடித்தால் அக்குள். சில பேருக்குக் கழுத்து. எலுமிச்சை அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை வீங்கி, கை வைக்க முடியாத அளவுக்கு வலிக்கும். சிகிச்சை இல்லையென்றால் பாதிப் பேர் வரை ஒரு வாரத்துக்குள் இறந்துவிடுவார்கள்.

இந்த வீக்கத்தை கிரேக்கத்தில் இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கைக் குறிக்கும் சொல்லை வைத்து 'புபோ' என்றார்கள். 'புபோனிக் பிளேக்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் பழைய வைத்தியத்தில் இதே வீக்கத்துக்கு 'அரையாப்பு' என்று பெயர். அரை என்றால் இடுப்பு. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு வகைகள் உண்டு. கிருமி ரத்தத்தில் கலந்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கரும்புள்ளிகள் வரும். விரல் நுனி, மூக்கு நுனி கறுத்து அழுகும். நுரையீரலுக்குப் போனால் இருமல், ரத்தம் கலந்த சளி. இருமும்போது தெறிக்கும் துளிகள் மூலம் நேரடியாக அடுத்தவருக்குப் பரவும் வகை இது மட்டும்தான். சிகிச்சை இல்லையென்றால் இந்த வகையில் பிழைப்பவர்கள் அநேகமாக யாருமில்லை.

பயம் செய்த கொலைகள்

கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம். கிரகங்களின் சேர்க்கை என்றார்கள், கெட்ட காற்று என்றார்கள், கடவுளின் கோபம் என்றார்கள். கடைசியில், 'யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள்' என்று ஒரு வதந்தி கிளம்பியது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்த நகரத்துக்குள் பிளேக் அப்போது வந்திருக்கவே இல்லை. நோய்க்கு முன்னால் பயம் வந்துவிட்டது!

நல்ல யோசனைகளும் பிறந்தன. 1377-ல் ரகுசா என்ற துறைமுக நகரம் (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்), நோய் உள்ள ஊரிலிருந்து வருபவர்கள் 30 நாள் ஊருக்கு வெளியே தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பின்னாளில் அது 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரன்டா' என்ற சொல்தான், கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த 'குவாரன்டைன்' ஆனது.

நம் நாட்டுக்கு வந்த கப்பல்

1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, அலெக்சாண்டர் யெர்சின் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில் நோய் கப்பலேறி பம்பாய்க்கு வந்துவிட்டது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார்.

1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-ல் கொரோனாவுக்காக நம் அரசுகள் கையில் எடுத்தது அதே சட்டத்தைத்தான். பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். வீக்கம் வருவது தொடை இடுக்கிலும் அக்குளிலும் என்பதால், பெண்களைச் சோதித்த விதம் பெரிய அவமானமாக ஆனது. அந்தக் கோபத்தில் பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூன் 22 அன்று சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

நோயாளிகளை மறைத்துவைப்பது அங்கிருந்துதான் வழக்கமானது. பரண் மேலே, தானியக் குதிருக்குப் பின்னால், பக்கத்து ஊரில் உள்ள உறவினர் வீட்டில்... எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் மறைத்தார்கள்.

அதே பூனாவில் ஒரு பெண்மணி இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். பெண் கல்விக்காகப் போராடிய சாவித்ரிபாய் புலே, நோய்வாய்ப்பட்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு, மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோனார். அவருக்கே நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார்.

1898-ல் கராச்சியில் ஆராய்ச்சி செய்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோண்ட், எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சிதான் என்று காட்டினார். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும், தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டு இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். வீட்டில் இருக்கும் மனிதர்கள்தான் அந்த அடுத்த உடம்பு. ஆனால், சிமோண்ட் சொன்னதைப் பல வருடங்கள் யாரும் சட்டை செய்யவில்லை.

1907-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 13 லட்சம் பேர் பிளேக்கில் இறந்தார்கள். 1896-ல் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பிளேக் என்றால் ஐரோப்பா ஞாபகம்தான் வருகிறது. ஆனால், அந்த ஒரு கோடிப் பேர் நம் கொள்ளுத்தாத்தா காலத்து மனிதர்கள்.

சென்னை தப்பியது எப்படி?

எங்கள் பாரிவாக்கத்தை ஒட்டிப்போகும் பெங்களூரு நெடுஞ்சாலையின் அந்த முனையில், 1898-ல் பிளேக் தாண்டவமாடியது. ஊர் நெரிசலைக் குறைக்க மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற புதிய பகுதிகள் அங்கே வளர்ந்ததற்கு பிளேக்கும் ஒரு காரணம். ரயிலும் சாலையும் இருந்தும், சென்னையில் மட்டும் நோய் பெரிதாக வேரூன்றவில்லை. ஏன்?

நோயுள்ள ஊர்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, பத்து நாள் அதிகாரிகளிடம் ஆஜராகச் சொன்னது சென்னை மாகாண அரசு. அன்றைய சுகாதார ஆணையர் கிங்கின் பெயரில்தான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இன்றும் இருக்கிறது.

இன்னொரு காரணம், பூச்சி! கொழும்பில் வேலை பார்த்த ஹிர்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர், எலித் தெள்ளுப்பூச்சியில் ஒரே இனம் இல்லை என்பதைக் கவனித்தார். பம்பாய்ப் பக்கம் அதிகம் இருந்தது 'கியோபிஸ்' என்ற இனம். பிளேக்கைப் பரப்புவதில் கில்லாடி. சென்னையிலும் கொழும்பிலும் அதிகம் இருந்தது 'அஸ்டியா' இனம். அது அந்த வேலையில் மந்தம். போதாததற்கு, சென்னை வெயிலும் கிருமிக்கு ஒத்துவரவில்லை. நாம் தினமும் திட்டும் வெயில் ஒருகாலத்தில் நம் தாத்தா பாட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது!

ஆனால், கொஞ்சம் குளுமையான கோவைக்கும் சேலத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கோவையின் காலி வீடுகள்

1901-ல் கோவை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 53 ஆயிரம். பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 1911 கணக்கெடுப்பில் சுமார் 47 ஆயிரம்தான் இருந்தது. இறந்தவர்கள் ஒருபக்கம், பயந்து ஊரைவிட்டுப் போனவர்கள் மறுபக்கம். அதன் பிறகும் பல வருடங்கள் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. கோவையில் இன்றைக்கும் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இருக்கின்றன. எதைக் கும்பிட்டுத் தப்பித்தோம் என்பதை ஊர் மறக்கவில்லை.

அம்மாயி சொன்னது அந்தக் காலத்துக் கதைதான். அவருடைய அம்மாவுக்கு அப்போது பத்து வயது.

"எலி பொத்துப் பொத்துன்னு கூரையில இருந்து விழுமாம். விழுந்தா, பண்டம் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு ஊரே காட்டுக்குப் போயிரும். அங்க சாளை போட்டுக்கிட்டு ரெண்டு மூணு மாசம் இருப்பாங்க" என்றார் அம்மாயி.

அந்த வருடமும் ஊர் கிளம்பியது. ஆனால், ஒரு வீடு மட்டும் கிளம்பவில்லை. அம்மாயியின் பாட்டி வீடு. காரணம், ஆறு வயதுப் பையனுக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி. வெளியே தூக்கிக்கொண்டு போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பிளேக் ஆபீசர் வருவார், பையனைக் கேம்ப்புக்குத் தூக்கிப் போவார், ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் மருந்து தெளிப்பார். அந்தப் பயத்தில், மகளை மட்டும் பக்கத்து வீட்டாரோடு காட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

"பத்தே நாள் கண்ணு. பையன் போனான், எங்க பாட்டி போச்சு, பாட்டியோட மாமியாரும் போச்சு. எங்கம்மா மட்டும் காட்டுச் சாளையில தப்பிச்சுது."

இப்போது யோசித்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. நெறி கட்டும் வகை பிளேக், பெரும்பாலும் நோயாளியைத் தொடுவதால் வருவதில்லை. வீட்டில் உள்ள தெள்ளுப்பூச்சியால் வருகிறது. அந்தப் பையனையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தால் மற்ற இருவராவது பிழைத்திருக்கலாம். 'எலி விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறு' என்று படிக்காத ஜனங்கள் சொன்னது, விஞ்ஞானப்படி ரொம்பச் சரி. அவர்களைக் கொன்றது அறியாமை இல்லை. 'வெளியே தெரிந்தால் என்ன ஆகும்' என்ற பயம்.

இன்றைக்கு பிளேக் இருக்கிறதா?

இருக்கிறது. 2010 முதல் 2015 வரை உலகம் முழுக்க 3,248 பேருக்கு வந்ததாகவும், அதில் 584 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017-ல் மடகாஸ்கரில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்தியாவில் 1994-ல் சூரத்தில் பரவியபோது, லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஓடியதை நம்மில் பலர் டி.வி-யில் பார்த்திருப்போம். அந்த வருடம் இறந்தவர்கள் 50-க்கும் மேல். 2002-ல் இமாச்சலப் பிரதேசத்திலும், 2004-ல் உத்தரகாண்டிலும் சிறிய அளவில் தலைகாட்டியது. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சந்திக்கும் ஓசூர், கோலார் பக்கமெல்லாம் எலிகளைப் பிடித்துச் சோதிக்கும் கண்காணிப்பு வேலை தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது.

ஆனால், இது 1347 இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளே பிளேக்கைக் குணப்படுத்தும். ஒரே நிபந்தனை, சீக்கிரம் கொடுக்க வேண்டும். நுரையீரல் பிளேக் என்றால் முதல் 24 மணி நேரத்துக்குள்.

நம் பகுதியில் மழைக்குப் பிறகு நாம் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலைப் பற்றித்தான். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் வரலாம். இவற்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்:

* தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். நடந்தே ஆக வேண்டும் என்றால், வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

* காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பது, கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது போன்றவை இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

* தண்ணீரில் நடந்ததையும், வீட்டில் எலி இருப்பதையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

* செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை அல்லது தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு எடுத்து, ஆழமாகப் புதையுங்கள். அந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள்.

* மருந்து எதுவும் வைக்காமலேயே பல எலிகள் அடுத்தடுத்துச் செத்தால், ஊர் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவியுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

மறுநாள் காலை...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி என் மனதில் ஓடியது வேறு. அடுத்த வாரம் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு. பாராசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம், எலி செத்த கதையை எல்லாம் வெளியே சொன்னால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள், ஸ்கூல் வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கதவைச் சாத்தியவர்கள் யோசித்ததும் இதைத்தானே!

காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போனோம். எலி, தெருத் தண்ணீர், காலில் கிழித்தது என எல்லாவற்றையும் சொன்னோம். காலில் உள்ள புண்ணில் சீழ் பிடித்ததால்தான் நெறி கட்டியிருக்கிறது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று எலிக்காய்ச்சலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை என்று வந்தது. புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். நாலாம் நாள் மகள் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "எங்க வீட்லயும் எலி வருதுங்க" என்றுதான் சொன்னார்கள். அந்த வாரமே தெருக்காரர்கள் சேர்ந்து, மூடியில்லாமல் கிடந்த குப்பைத் தொட்டியை மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம்.

அம்மாயி மட்டும், மகளின் நெறி முழுசாக வற்றும் வரை தினமும் ராத்திரி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வற்றிய அன்றைக்குக் கேட்டேன், "இப்பவாச்சும் பயம் போச்சா அம்மாயி?"

"பயமெல்லாம் இருக்கட்டும் கண்ணு. அன்னிக்கு இப்படி ஒரு டாக்டரு பக்கத்துல இருந்து, போய்ச் சொன்னா திட்டாம பாப்பாருன்னு தெரிஞ்சிருந்தா, எங்க பாட்டி கதவச் சாத்தியிருக்குமா?" என்றார்.